கட்டைக்கும் அக்குளுக்கும் நடுவே மூன்று விரல்

1932 ஜனவரி 18, திங்கள்

காலையிலிருந்து மழை. வார்டு கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. ஆயா அங்கம்மா வாளி வைத்துவிட்டு, அது நிறைகிறதா என்று பார்ப்பதையே வேலையாக வைத்துக்கொண்டாள். பெயருக்குத்தான் ஆயா, நடப்பதெல்லாம் எனக்கு மேலதிகாரி மாதிரி.

பகல் ரயிலில் லாபிஸ் வரை வந்து, அங்கிருந்து தோட்டத்து லாரியில் வெள்ளையம்மா வந்து சேர்ந்தாள். நவம்பரில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது காய்ந்த கிளை முறிந்து காலில் விழுந்ததே, அவள்தான். இங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது இரண்டு கால். இப்போது இடது கால் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண்தான் மிச்சம். புண் நன்றாக ஆறியிருக்கிறது. தையல் அழகு. யார் தைத்தார்களோ.

கூட வந்த கடிதத்தை, இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியை நடத்தும் டிரெஸ்ஸர் அமலதாஸ் வாசித்தார். ‘நடக்கப் பழக்கவும்’ என்று ஒரே வரி. எப்படி என்று ஒன்றும் இல்லை. நர்ஸ் டிரெய்னிங் எடுத்தவள் நீதானே, நீயே பார் என்று என்னிடம் தள்ளிவிட்டார். நான் எடுத்த பயிற்சியில் ஊன்றுகோல் கொடுப்பதை ஒரே ஒரு தடவை, தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு சீனர் வாங்கினார், நடந்தார். என் படிப்பு அவ்வளவுதான்.

சாயங்காலம் மகள் ராசம்மா வந்தாள். ஐந்து மாதம், தலைப்பிள்ளை. தாயின் காலைப் பார்க்காமல் முகத்தையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். போகும்போது என்னை வெராண்டாவில் நிறுத்தி, அம்மாவைக் கப்பலேற்றிவிடுவார்களா என்று கேட்டாள். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து எல்லா லயத்து வீடுகளிலும் இதுதான் பேச்சு. வேலைக்கு ஆகாதவர்களைப் பட்டியல் எடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். வெள்ளையம்மா மலாயாவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. புருஷனை இங்கேதான் புதைத்தாள். நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டால் எந்தப் பக்கம் திரும்புவது என்றுகூட அவளுக்குத் தெரியாது. பிப்ரவரி கடைசியில் வெள்ளைக்கார டாக்டர் துரை வந்து, வேலைக்கு ஆவாள் அல்லது ஆகமாட்டாள் என்று எழுதுவார். அதற்குள் அவள் நடக்க வேண்டும்.

தெரியாது என்றுதான் ராசம்மாவிடம் சொன்னேன். வேறென்ன சொல்ல?

ஜனவரி 20, புதன்

தலையணைச் சண்டை. வெட்டிய காலுக்கு அடியில் அங்கம்மா பாசமாகத் தலையணை வைக்கிறாள். நான் எடுக்கிறேன். நான் திரும்பியதும் மறுபடி வைக்கிறாள். முழங்கால் மடங்கியே கிடந்தால் அப்படியே இறுகிவிடும், பிறகு நீட்டவே முடியாது என்று சொன்னால், உனக்கு இரக்கமே கிடையாது என்கிறாள்.

கடைசியில் அவளையே உட்காரவைத்தேன். ஒரு காலை மடக்கியபடி அசைக்காமல் வெங்காயம் உரிக்கச் சொன்னேன், அரை மணி நேரம். எழுந்தபோது நொண்டினாள். அரை மணிக்கே இப்படியென்றால் ஆறு வாரம் கிடந்தால்? இப்போது வேறு யாராவது தலையணையோடு அந்தப் பக்கம் போனாலே விரட்டுகிறாள்.

ஜனவரி 23, சனி

கைகளை ஊன்றி உடம்பைப் படுக்கையிலிருந்து தூக்கினாள், பதினொரு தடவை. நானும் செய்து பார்த்தேன். நாலு.

ஜனவரி 28, வியாழன்

நடப்பதற்கு முன்னால் எவ்வளவு இருக்கிறது! முதலில் கை. பிறகு நல்ல காலின் தொடை. முட்டியை இறுக்கி, எண்ணி, விட வேண்டும். பிறகு குப்புறப் படுக்கை. அதன்பின் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காருவது. உட்காருவதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். திங்கட்கிழமை உட்கார்ந்ததும் முகம் வெளுத்து என் தோளில் சாய்ந்துவிட்டாள். இரண்டு மாதம் படுத்தே கிடந்த உடம்பில் இரத்தம் நிமிர்ந்து நிற்க மறந்துபோகிறது போல. இப்போது கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுகிறோம். இன்று கால் மணி.

ஒன்று கேட்டாள். இல்லாத காலில் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே அரிக்கிறதாம். “எங்க சொறியறது மிஸ்ஸி?”

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். ஆனால் எனக்கு அது மனதை விட்டுப் போகவில்லை. கால் போனது உடம்பில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது? டிரெஸ்ஸரிடம் கேட்டேன். பிரமை என்றார். பிரமையாக இருந்தால் தினமும் அதே இரண்டு விரலுக்கு நடுவே எப்படி அரிக்கும்?

பிப்ரவரி 3, புதன்

ஊன்றுகோலுக்கு அளவு எடுத்தேன். படுக்கவைத்து, நாடாவை அக்குளில் வைத்து, வலது குதிகால் வரை. கட்டை நன்றாகத் தாங்கட்டும் என்று ஒரு அங்குலமும் குறைக்கவில்லை.

தபால் லாரியில் லாபிஸுக்குப் போய்ச் சீனத் தச்சரிடம் அளவைக் கொடுத்தேன். சவப்பெட்டியும் அவர்தான் செய்கிறார். நிற்கவைத்து அளந்தாயா, படுக்கவைத்தா என்று மலாயில் கேட்டார். படுக்கவைத்து என்றேன். படுத்திருப்பவர்களை அளப்பது தன் வேலையாயிற்றே என்றார். கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 9, செவ்வாய்

கட்டைகள் வந்துவிட்டன. நன்றாக இழைத்த மரம், மேலே துணி சுற்றி மெத்தை. ஒரு பக்கம் நான், மறுபக்கம் அங்கம்மா, வெள்ளையம்மா எழுந்து நின்றாள். எவ்வளவு உயரம்! மூன்று வாரமாகப் படுக்கையிலேயே பார்த்ததால் அவள் என்னைவிட உயரம் என்று எனக்குத் தெரியவே இல்லை.

முதல் அடியிலேயே கட்டை சிமெண்டில் வழுக்கியது. பிடித்துவிட்டோம். வெள்ளையம்மாதான் சொன்னாள்: “சுத்திவர ரப்பரு, கட்டைக்கு அடியில மட்டும் இல்லியே.” புகைக்கூடத்திலிருந்து ஒரு துண்டு ரப்பர் ஷீட் வாங்கி வந்து அடியில் சுற்றி ஆணி அடித்தோம். அதன்பின் வழுக்கவில்லை.

நாளை விபூதிப் புதன். தவசு நாற்பது நாளுக்கு எதை விடலாம் என்று யோசிக்கிறேன். வாயைக் கொஞ்சம் குறைக்கலாம். அங்கம்மா சந்தோஷப்படுவாள்.

பிப்ரவரி 16, செவ்வாய்

கட்டிலிலிருந்து வார்டு வாசல் வரை நாலு தடவை! எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர் துரை வர இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது.

அவள் நடப்பதில் ஒரு வினோதம். தோளைத் தூக்கி, கழுத்தை ஒரு பக்கம் ஒதுக்கி, பாரம் முழுவதையும் அக்குளில் போட்டுத் தொங்குகிறாள். ஏன் இப்படி என்று கேட்டேன். காண்டா கம்பைத் தோளில் வைத்து, இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க, இருபத்திரண்டு வருடம் சுமந்தவள். பாரம் என்றால் தோள்தான் முன்னால் வருமாம். கைக்கு என்ன வேலை, கை சும்மா பிடித்துக்கொள்ளத்தானே என்றாள். சரிதானே என்று நானும் விட்டுவிட்டேன். பாராட்டவும் செய்தேன்.

பிப்ரவரி 22, திங்கள்

தேத்தண்ணி மங்கு அவ கையிலிருந்து விழுந்துட்டது.

கை தவறி என்றுதான் நினைத்தேன். எடுத்துக் கொடுத்தேன். பிடிக்க முடியவில்லை. வலது மணிக்கட்டு அப்படியே தொங்குகிறது, தூக்கு என்றால் எழவில்லை. இடது கை விரல்களும் மரத்திருக்கின்றனவாம். நாலைந்து நாளாகவே மதமதவென்று இருந்ததாம். ஏன் சொல்லல? ஏன் எங்கிட்ட சொல்லல? சொன்னால் நடக்க வேண்டாம் என்று நிறுத்திவிடுவேன் என்று பயந்தாளாம்.

ராசம்மா வந்து பார்த்துவிட்டு அழுதாள். கால் போய், இப்போது கையும் போகிறது என்றாள்.

பால் வெட்டுபவளுக்குக் கை. கடவுளே. நான் என்ன செய்தேன்?

பிப்ரவரி 23, செவ்வாய்

நான் என்னதான் செய்தேன் என்று பார்க்க ஒரே வழிதான் இருந்தது.

மத்தியான ஓய்வில் துணி அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். பெல்ட்டால் இடது காலை மடக்கிக் கட்டினேன். அவளுடைய கட்டைகளை எடுத்தேன். எனக்கு அவை உயரம், அதனால் ஒரு பலகைமேல் நின்று, அவளுக்கு எப்படி இருக்குமோ அப்படி அக்குளை முட்டும்படி வைத்துக்கொண்டு தொங்கினேன். அவள் மாதிரியே தோளைத் தூக்கினேன். முதலில் சுகமாகத்தான் இருந்தது, ஊஞ்சல் மாதிரி. கால் மணி நேரத்தில் கட்டைவிரலில் எறும்பு ஊர்ந்தது. அரை மணியில் புறங்கை மரத்துப்போனது. கொக்கியில் ஒரு துவாலையை மாட்டப் பார்த்தேன், விரல் சொன்னபடி கேட்கவில்லை.

இறங்கி உட்கார்ந்தேன். எறும்பு மெதுவாகப் போயிற்று.

அப்படியானால் நோய் அவள் கையில் இல்லை. அக்குளுக்குள் ஓடும் ஏதோ ஒரு நரம்பைக் கட்டை நசுக்குகிறது. மறுபடி ஏறி, இந்த முறை அக்குளுக்கும் கட்டைக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி விட்டு, பாரத்தை உள்ளங்கையில் போட்டு நின்றேன். முழங்கை லேசாக மடங்கியது. கை வலித்தது, நன்றாகவே வலித்தது, ஆனால் மரக்கவில்லை. அப்போதுதான் புரிந்தது, ஒரு மாதமாகப் படுக்கையில் கையை ஊன்ற வைத்தது எதற்கென்று. அதைச் சொல்லிக்கொடுத்த எனக்கே அது எதற்கென்று தெரியாமல் இருந்திருக்கிறது.

அங்கம்மா கதவைத் திறந்துவிட்டாள். காலைக் கட்டிக்கொண்டு பலகைமேல் நிற்கும் என்னைப் பார்த்துவிட்டு, சாத்திவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 25, வியாழன்

தச்சர் கட்டையின் அடியை அறுத்தார், கைப்பிடியை இறக்கி அடித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

டிரெஸ்ஸரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபிக்கவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். “கை விழுந்துட்டது வாதம்னு எழுதிடலாம். கட்டையப் பத்தி யார் கேக்கப் போறாங்க? நீ இன்னும் பர்மனென்ட் ஆகல, ஞாபகம் வச்சுக்கம்மா.”

வாதம் என்று எழுதினால் அவளைக் கப்பலேற்றிவிடுவார்களே என்றேன். ஒரு கால் இல்லாதவளை எப்படியும் ஏற்றத்தான் போகிறார்கள், அதில் நீயும் நானும் எதற்குச் சேர்ந்து முழுக வேண்டும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. நாலு பிள்ளைகள், வயதான தாய்.

என்ன செய்யப் போகிறேன்?

பிப்ரவரி 28, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தைரியம் கொடு என்று கேட்டால் ஆண்டவர் கொடுத்துவிடுவாரோ என்று பயம்.

பிப்ரவரி 29, திங்கள்

நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும் தேதி. நல்லவேளை.

டாக்டர் துரை அவளுடைய மணிக்கட்டைத் தூக்கி விட்டார். தொப்பென்று விழுந்தது. டிரெஸ்ஸரின் முகத்தைப் பார்த்தார். டிரெஸ்ஸர் தரையைப் பார்த்தார். துரை பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். என் வாய் தானாகப் பேசிவிட்டது: கட்டையை உயரமாக அளந்தது நான், அவள் கையில் நோய் இல்லை, அது என் தவறு, கை திரும்பிவிடும்.

பேனா நின்றது. எப்படித் தெரியும் என்றார். காலைக் கட்டிக்கொண்டு தொங்கியதைச் சொன்னேன். எந்த விரல் முதலில் மரத்தது என்றார். காட்டினேன். ஒரு கட்டையை வாங்கித் தன் அக்குளில் வைத்துப் பார்த்தார், மூன்று விரல் இடைவெளியையும் பார்த்தார். பிறகு ஆறு வாரம் என்றார். ஆறு வாரத்தில் கை திரும்பாவிட்டால் பட்டியலில் சேர்ப்பாராம்.

இன்னொரு தாளிலும் எழுதினார். அது என்னைப் பற்றி. வேலை நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போகிறது. டிரெஸ்ஸருக்கும் ஒரு குத்தல் கிடைத்தது, நோயாளியின் கட்டையைச் சரிபார்ப்பது அவர் பொறுப்பு என்று.

வெள்ளையம்மாவுக்கு இங்கிலீஷ் புரியாது. நானே போய்ச் சொன்னேன். என் கையைத் தட்டிக்கொடுப்பாள் என்று நினைத்தேனோ என்னவோ. “கால் போனப்பகூட நான் அழுவல மிஸ்ஸி” என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 1, செவ்வாய்

ஆறு மாதம் பெரிதில்லை என்று அங்கம்மாவிடம் சொன்னேன். பொய். அப்பாவுக்கு எழுத வேண்டும். அழுதேன்.

மார்ச் 9, புதன்

ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. சொன்னதையெல்லாம் செய்கிறாள், பேச்சு மட்டும் இல்லை. மணிக்கட்டைப் பலகையில் கட்டி நிமிர்த்தி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மணிக்கும் அவிழ்த்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரிக்கிறேன். இடது கை தேறிவிட்டது. வலதில் நேற்று ஒரு துடிப்பு. இன்று நடுவிரல் தானாக அரிசி அளவு எழுந்தது. இருவருமே பார்த்தோம்.

பிறகு நாற்காலியிலிருந்து எழும் பயிற்சி. நல்ல காலைப் பின்னால் இழு, ஒரு கையால் நாற்காலியை அழுத்து, மறுகையில் கட்டைகள். ஐந்தாவது தடவை எழுந்து நின்றவள் வாயைத் திறந்தாள்:

“எங்க வீட்டுல நாக்காலி ஏது மிஸ்ஸி?”

அவள் சாப்பிடுவது தரையில், படுப்பது தரையில், அரிசி புடைப்பது தரையில், கக்கூசில்கூடக் குந்துவதுதான். லயத்தில் நாற்காலி உள்ள வீடு கங்காணி வீடு ஒன்றுதான். என் பயிற்சிப் புத்தகத்தில் எல்லாரும் நாற்காலியிலிருந்து எழுகிறார்கள். இரண்டு மாதமாக அவள் வாழாத வீட்டுக்காக அவளைப் பழக்கியிருக்கிறேன்.

மார்ச் 22, செவ்வாய்

பாய் விரித்து மூவரும் தரையில். தரையிலிருந்து ஒரு மனிதன் எப்படி எழுகிறான் என்று இதுவரை நான் கவனித்ததே இல்லை. அங்கம்மாவை முப்பது தடவை உட்காரவைத்து எழுப்பினேன். முதலில் பக்கவாட்டில் திரும்புகிறாள், பிறகு ஒரு முட்டி, பிறகு மறுபாதம், பிறகு இடுப்பு. கடைசியில் முட்டி வலிக்கிறது என்று வைதாள்.

வெள்ளையம்மாவுக்கும் இதே வழிதான். இடது முட்டியின் கீழ் மடித்த சாக்கு. வலது பாதத்தை முன்னால் ஊன்ற வேண்டும். இரண்டு கட்டையையும் சேர்த்து ஒரே கம்பாக ஒரு கையில் நிறுத்தி, மறுகையைத் தொடைமேல் அழுத்தி எழ வேண்டும். எழுந்தபின் சுவரில் சாய்ந்து கட்டைகளைப் பிரித்துக்கொள்ளலாம். வலது கைப்பிடி இன்னும் பலவீனம், ஆகவே கம்பு இடது கையில். ஏழு தடவை முயன்றாள், ஏழு தடவையும் விழுந்தாள். எட்டாவதை நான் வேண்டாம் என்றேன். நான் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

எழுந்துவிட்டாள்.

ஏப்ரல் 11, திங்கள்

ஆறு வாரம் இன்றோடு முடிந்தது.

டாக்டர் துரையோடு ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியும் வந்தார், கையில் பட்டியல். துரை தன் இரண்டு விரலை நீட்டி வெள்ளையம்மாவின் வலது கையால் பிடிக்கச் சொன்னார். பிடித்தாள். இன்னும் இறுக்கமாக என்றார். துரை விரலை இழுத்துக்கொண்டார். பிறகு மலாயில் கேட்டார், நடக்க முடியுமா என்று. “போலே, துவான்,” முடியும் என்றாள். வெராண்டாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் வந்தாள். தோள் இறங்கியிருந்தது. மூன்று விரல் இடைவெளி எனக்கு நன்றாகத் தெரிந்தது.

பால் வெட்டு முடியாது, ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாமே என்று துரை கேட்டார். கிராணி தலையாட்டவில்லை. இரண்டு கையிலும் கட்டை இருந்தால் பிள்ளையை எந்தக் கையால் தூக்குவாள் என்றார். நியாயமான கேள்வி.

வெள்ளையம்மா நின்ற இடத்திலேயே கட்டைகளைச் சேர்த்துப் பிடித்து, சிமெண்டுத் தரையில் மெல்ல உட்கார்ந்தாள். கிராணியை நிமிர்ந்து பார்த்தாள். “புள்ளைங்க தரையிலதான ஐயா கெடக்கும். நானும் தரையிலதான் இருப்பேன். எந்திரிக்கணும்னா எந்திரிப்பேன்.” சாக்கும் இல்லை, சுவரும் இல்லை, எழுந்து நின்றாள்.

மூன்று மாதம், பார்க்கலாம் என்று துரை எழுதினார். கிராணி தன் தாளில் ஒரு பெயரை அடித்தார். பேனா காகிதத்தைக் கீறும் சத்தம் எனக்குக் கேட்டது. டிரெஸ்ஸர் அவசரமாக மருந்து அறைக்குப் போய்விட்டார். நான் போனபோது மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார், ஜலதோஷம் என்றார்.

ஏப்ரல் 30, சனி

கொட்டகை ஆயா வந்து குறை சொன்னாள்: வெள்ளையம்மா உட்கார்ந்த இடத்தைவிட்டு நகர்வதே இல்லையாம். நடந்து பழகாவிட்டால் எல்லாம் வீணாகுமே. போய்ப் பார்க்க நேரமில்லை, வார்டு முழுக்கக் காய்ச்சல்.

மே 19, வியாழன்

காலை பத்து மணிக்கு ராசம்மா வலி கண்டு வந்தாள். பனிக்குடம் உடைந்துவிட்டது, பிள்ளை அவசரக்காரப் பிள்ளை. லாரி லாபிஸுக்குப் போயிருந்தது. புருஷன் வெட்டுக்காட்டில். அங்கம்மா வெந்நீருக்கு ஓடினாள், நான் ராசம்மாவைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். பதினொன்றரைக்குப் பெண் பிள்ளை. நல்ல எடை, நல்ல குரல். தாய்க்கு ஒன்றும் ஆபத்தில்லை.

குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே வந்தேன். வெராண்டாத் தரையில் வெள்ளையம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் கொடுத்தேன். பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். நான் அவள் கையை வைத்துச் செய்ததுபோலவே.

“லயத்துலேருந்து நீங்க ரெண்டு பேருமா வந்தீங்க?” என்று கேட்டேன். பின்னே, வலி எடுத்தவளைத் தனியாகவா விடுவேன் என்றாள்.

அரை மைல் தூரம். காலையில் பெய்த மழையில் சேறு. ராசம்மா வலி வரும்போதெல்லாம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். இவளுடைய ஒவ்வொரு அடியையும் எண்ணிக்கொண்டு இரண்டு மாதம் பின்னாலேயே நடந்த நான், இன்று அவள் எப்படி வந்தாள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெராண்டாவுக்கு மூன்று படி இருக்கிறது. வீட்டுக்கு அனுப்பிய அன்று இரண்டு பேர் தூக்கித்தான் அவளை இறக்கினார்கள். படி ஏற நான் அவளுக்கு இன்னும் சொல்லிக்கொடுக்கவே இல்லை.